ரஸ்ஸல் பியர்ஸ்: அரிசோனா செனட் தலைவர் எழுந்ததும் விழுந்ததும் (கேள்வி பதில்)

அமெரிக்காவின் அரிசோனா மாநிலச் சட்டமன்றத்தில் 2001 முதல் 2011 வரை இருந்த ரிபப்ளிகன் கட்சிக்காரர் ரஸ்ஸல் பியர்ஸ். குடியேற்றக் கெடுபிடிச் சட்டங்களின் முகமாக அறியப்பட்ட அவரைப் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும்.

அரசியலுக்கு வருமுன் என்ன செய்துகொண்டிருந்தார்?

போலீஸ்காரர். பிறந்தது 1947இல், பீனிக்ஸுக்குக் கிழக்கே இருக்கும் மீசாவில். மார்மன் சபையினர் (அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்) உருவாக்கிய ஊர் அது. பியர்ஸும் அந்தச் சபையைச் சேர்ந்தவர்தான். மரிகோபா கவுண்டி (மாவட்டம் போன்றது) ஷெரீப், அதாவது போலீஸ் தலைவர், அலுவலகத்தில் சேர்ந்து, 1977இல் பணியின்போது சுடப்பட்டு ஒரு விரலை இழந்தார். பிறகு ஷெரீப் ஜோ அர்பாயோவுக்கு அடுத்த நிலை வரை உயர்ந்தார். 1995 முதல் 1999 வரை மாநில மோட்டார் வாகனத் துறையின் இயக்குநர்.

எட்டு வருடம் கீழவையில் இருந்துவிட்டு 2009இல் செனட்டுக்குப் போனாரே, அது பதவி உயர்வா சார்?

அப்படிச் சொல்ல முடியாது. அரிசோனாவில் ஒரே அவையில் தொடர்ந்து நான்கு முறைக்கு மேல் இருக்க முடியாது. 1992இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த வரம்பு இது. ஒரு முறை என்பது இரண்டு வருடம். எனவே எட்டு வருடம் முடிந்ததும் பலரும் அடுத்த அவைக்கு மாறிக்கொள்வார்கள். மாநிலத்தில் 30 தொகுதிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு செனட்டர், இரண்டு கீழவை உறுப்பினர்கள். இரு அவைக்கும் நேரடித் தேர்தல்தான். சம்பளம் வருடத்துக்கு வெறும் 24,000 டாலர், படிகள் தனி. வேறு வருமானமோ ஓய்வூதியமோ இல்லாதவர்கள் தாக்குப்பிடிப்பது கஷ்டம்.

கவர்னர் நபோலிடானோ டெமாக்ரட் ஆயிற்றே. அவரை மீறி எப்படிச் சட்டங்கள் வந்தன?

பியர்ஸைப் புரிந்துகொள்ள இதுதான் சரியான கேள்வி. கவர்னரின் வீட்டோவை (மறுப்பு அதிகாரத்தை) சுற்றிப்போகும் வழி அரிசோனாவில் உண்டு: மசோதாவை வாக்குச்சீட்டில் ஏற்றிவிடுவது. மக்கள் கையெழுத்துத் திரட்டி ஏற்றலாம். சட்டமன்றமே தீர்மானம் போட்டும் அனுப்பலாம். இரண்டுக்கும் கவர்னர் கையெழுத்து வேண்டாம். வாக்காளராகப் பதியக் குடியுரிமைச் சான்று கேட்ட 2004ஆம் ஆண்டின் 'புரபொசிஷன் 200' முதல் வழியில் வந்தது. பியர்ஸ் அதன் முன்னணிப் பிரசாரகர்களில் ஒருவர். கடும் குற்றம் சாட்டப்பட்ட, ஆவணமற்ற குடியேறிகளுக்கு ஜாமீன் மறுத்த 2006ஆம் ஆண்டின் 'புரபொசிஷன் 100' இரண்டாம் வழியில் வந்தது. (இதைப் பின்னாளில், 2014இல், மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது.) மக்கள் வாக்கில் நிறைவேறியதை 1998க்குப் பிறகு சட்டமன்றம் ரத்து செய்ய முடியாது. திருத்துவதற்கும் நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். அதுவும் சட்டத்தின் நோக்கத்துக்கு வலுச்சேர்க்கும் திருத்தமாக இருக்க வேண்டும்.

ஆனாலும் நபோலிடானோ எல்லாவற்றையும் மறுக்கவில்லை. ஆவணமற்றவர்களைத் தெரிந்தே வேலைக்கு வைக்கும் நிறுவனத்தின் உரிமத்தைப் பறிக்கும் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவரே கையெழுத்திட்டார். வேலைக்குச் சேர்பவரை இ-வெரிஃபை என்ற மத்திய அரசின் இணைய முறையில் சரிபார்ப்பதைக் கட்டாயமாக்கியதும் அதே சட்டம்தான். 2011இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 3 என்று அதை உறுதிசெய்தது. எனக்குக் கேட்டால், பியர்ஸின் சட்டங்களில் மிக உறுதியாக நின்றது அவருக்குப் பெயர் வாங்கித் தந்த 2010ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டமான எஸ்.பி. 1070 அல்ல, இதுதான்.

எஸ்.பி. 1070இல் இன்று எது உயிரோடு இருக்கிறது?

2009இல் நபோலிடானோ மத்திய அரசுக்குப் போனார், ரிபப்ளிகன் கட்சியின் ஜான் பிரூவர் கவர்னரானார். 2010 ஏப்ரல் 23 அன்று எஸ்.பி. 1070இல் அவர் கையெழுத்திட்டார். வழக்கில் சிக்கிய பிரிவுகள் நான்கு. பதிவு ஆவணம் வைத்திருக்காததை மாநிலக் குற்றமாக்கியது, அனுமதியின்றி வேலை தேடுவதைக் குற்றமாக்கியது, வாரன்ட் இல்லாமல் கைதுசெய்ய விட்டது: இந்த மூன்றும் 2012 ஜூன் 25 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் விழுந்தன. எஞ்சியது 2(பி). சட்டப்படி நிறுத்தப்பட்ட ஒருவர்மீது நியாயமான சந்தேகம் எழுந்தால் குடியேற்ற நிலையைப் போலீஸ் விசாரிக்க வேண்டும் என்கிறது அது. இதற்காக மட்டும் ஒருவரை அதிக நேரம் நிறுத்திவைக்கக் கூடாது என்று 2016 உடன்பாட்டில் மாநிலம் ஒப்புக்கொண்டது.

நான் எச்-1பி வேலை விசாவில் அரிசோனாவின் சான்ட்லரில் வேலை பார்க்கிறேன் அண்ணா. என்ன வைத்திருக்க வேண்டும்?

செல்லுபடியாகும் அரிசோனா ஓட்டுநர் உரிமம் காட்டினாலே சட்டப்படி இருப்பவர் என்று கொள்ள வேண்டும் என 2(பி)யே சொல்கிறது, தம்பி. ஆனால் 18 வயது நிரம்பிய வெளிநாட்டவர் பதிவுச் சான்றை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது மத்தியச் சட்டம். மாநிலப் பிரிவு விழுந்தாலும் இது விழவில்லை. எனவே அந்தப் பதிவுச் சான்றாகச் செல்லும் ஐ-94 (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு) அச்சுப்பிரதியைப் பையில் வையுங்கள். விசா நீட்டிப்பு வந்ததும் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பதைத்தான் பலரும் மறக்கிறார்கள்.

செனட் தலைவராக இருந்தவரைப் பாதியில் எப்படி இறக்கினார்கள்?

2011 ஜனவரியில் தலைவரானபோது 30 செனட்டர்களில் 21 பேர் அவர் கட்சி. அசைக்க முடியாதவர் என்றுதான் தோன்றியது. மார்ச்சில் முதல் விரிசல். எஸ்.பி. 1070ஐக் கண்டித்து அரிசோனாவைப் பலர் புறக்கணிப்பதால் மாநிலத்தின் வியாபாரம் அடிபடுகிறது என்று நிறுவனத் தலைவர்கள் 60 பேர் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். இரண்டு நாளில் அவருடைய ஐந்து குடியேற்ற மசோதாக்கள் செனட்டிலேயே தோற்றன, சொந்தக் கட்சிக்காரர்களின் எதிர்வாக்கால்.

மறுபுறம் 'ரீகால்' மனு, அதாவது பதவியில் இருப்பவரை வாக்காளர்களே இடையில் நீக்கக் கேட்கும் மனு, ஓடிக்கொண்டிருந்தது. நடைமுறை இது: தொகுதியின் முந்தைய தேர்தலில் அந்தப் பதவிக்குப் பதிவான வாக்குகளில் 25 சதவீத அளவுக்குக் கையெழுத்து, 120 நாளுக்குள். தொகுதியில் பதிவுபெற்ற வாக்காளரின் கையெழுத்தாக இருக்க வேண்டும். சரிபார்ப்பில் ஏராளம் கழியும் என்பதால் தேவையை விட மிக அதிகமாகத் திரட்ட வேண்டும். இங்கே தேவைப்பட்டது 7,756. மே 31 அன்று கொடுத்தது 18,000க்கும் மேல்.

கலிஃபோர்னியாவில் 'நீக்கலாமா' என்று தனியாக ஒரு கேள்வி இருக்கும். அரிசோனாவில் அது கிடையாது. பதவியில் இருப்பவர் ராஜினாமா செய்யாவிட்டால் அவர் பெயரும் சீட்டில் வரும். அதிக வாக்கு யாருக்கோ அவருக்கே பதவி. உட்கட்சித் தேர்தலும் (பிரைமரி) கிடையாது. பியர்ஸின் பலமே ரிபப்ளிகன் பிரைமரிதான். தீவிர ஆதரவாளர்கள் திரண்டு வருவது அங்கேதான். நவம்பர் 8 அன்று டெமாக்ரட்களும் கட்சி சாராதவர்களும் ஒரே சீட்டில் வாக்களித்தார்கள். எதிரே நின்ற ஜெர்ரி லூயிஸும் ரிபப்ளிகன், மார்மன், பழமைவாதி. ஆகவே ரிபப்ளிகன்களுக்கும் கட்சி மாறாமலே பியர்ஸை மாற்ற வழி கிடைத்தது. வாக்கைப் பிரிக்க பியர்ஸ் ஆதரவாளர்கள் ஒரு மூன்றாம் வேட்பாளரை நிறுத்தியது நீதிமன்றம் வரை போய் அம்பலமானது. அவர் விலகியும் பெயர் அச்சாகிவிட்டிருந்தது. லூயிஸ் வென்றார். அரிசோனாவில் இப்படி நீக்கப்பட்ட முதல் சட்டமன்ற உறுப்பினர் பியர்ஸ்.

மறுபடி முயற்சி செய்யவில்லையா?

செய்தார். 2012 பிரைமரியில் தொழிலதிபர் பாப் வொர்ஸ்லியிடம் தோற்றார். பிறகு மாநிலக் கட்சியின் முதல் துணைத் தலைவரானார். அரசு மருத்துவ உதவி பெறும் பெண்களைப் பற்றி வானொலியில் பேசிய பேச்சால் 2014இல் அதையும் விட்டு விலக நேர்ந்தது. 2023 ஜனவரி 5 அன்று தம் 75வது வயதில் இறந்தார்.