தட்டான் பிடிக்கிற பையனுக்கு எந்த கோச்சிங்?

கேள்வி: என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். தட்டான், வண்டு, இறகு என்று கண்டதையும் ஷூ டப்பாவில் சேர்த்து வைக்கிறான், கேள்வி கேட்டே உயிரை எடுக்கிறான். மார்க் சுமார்தான். ஆனால் விஞ்ஞானி ஆவேன் என்கிறான். இந்த ஆர்வத்தை இப்போதே சரியான பாதையில் திருப்ப எந்தப் பயிற்சி வகுப்பில் சேர்க்கலாம்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: எதிலும் சேர்க்காதீர்கள். அவன் சரியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறான், திருப்புகிறேன் பேர்வழி என்று நீங்கள் கெடுத்துவிடாமல் இருந்தால் போதும்.

பறவை ஆய்வாளர் சலீம் அலி 1896-இல் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பா அம்மாவை இழந்து, பம்பாயில் மாமா அமிருதீன் தயாப்ஜி வீட்டில் வளர்ந்தார். பத்து வயது வாக்கில் ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார் (இன்று இதைச் செய்தால் வனத்துறை வீட்டுக்கு வரும், பையனிடம் இந்த இடத்தைத் தாண்டிவிடுங்கள்). எடுத்துப் பார்த்தால் ஊர்க்குருவி மாதிரியேதான் இருக்கிறது, ஆனால் தொண்டையில் ஒரு மஞ்சள் தீற்றல். மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினார். மாமாவுக்கும் தெரியவில்லை.

நம் வீடாக இருந்தால் "குருவின்னா குருவிதான், போய்ப் படி" என்பதோடு விஷயம் முடிந்திருக்கும். அமிருதீன், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டுக்கு ஒரு அறிமுகக் கடிதம் எழுதிப் பையனை அனுப்பிவைத்தார். அந்த வெள்ளைக்காரரும் பொடியன்தானே என்று விரட்டவில்லை. மஞ்சள்தொண்டைச் சிட்டு என்று பெயர் சொன்னார், பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து காட்டினார், படிக்கப் புத்தகமும் கொடுத்தார். கேள்வி எல்லாப் பிள்ளைகளுக்கும்தான் வருகிறது, 'எனக்குத் தெரியாது, வா, தெரிந்தவரிடம் கேட்போம்' என்கிற பெரியவர்தான் எல்லா வீட்டிலும் இருப்பதில்லை.

அதற்காக அந்த மஞ்சள் தீற்றலிலிருந்து பத்ம விபூஷணுக்கு நேராக ரோடு போட்டிருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளிப் படிப்பு தட்டுத்தடுமாறி முடிந்தது. பர்மாவில் குடும்பத் தொழிலைப் பார்க்கப் போன இடத்திலும் கண் காட்டுப் பறவைகள் மேலேயே இருந்தது. பட்டம் இல்லை என்பதால் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் வேலை கிடைக்கவில்லை. பெர்லின் போய் ஸ்ட்ரெஸ்மான் என்ற பேராசிரியரிடம் முறையாகக் கற்றுக்கொண்டு 1930-இல் திரும்பினால், பம்பாய் மியூசியத்தில் இருந்த வேலையும் போயிருந்தது! சரி என்று கிஹிம் என்ற கடலோரக் கிராமத்துக்குப் போய்விட்டார். அங்கேதான் தூக்கணாங்குருவியை உட்கார்ந்து கவனித்தார். ஆண் குருவி பாதிக் கூட்டைக் கட்டி நிறுத்திக்கொள்கிறது, பெண் வந்து உள்ளே வெளியே பார்த்து, பிடித்திருந்தால்தான் குடிவருகிறது, மீதியைக் கட்டிக் கொடுத்த கையோடு ஐயா பக்கத்திலேயே அடுத்த கூட்டைத் தொடங்கிவிடுகிறார், அடுத்த பெண்ணுக்காக. ஊரே காலங்காலமாகப் பார்த்துக்கொண்டிருந்த குருவிதான். அதைப் பற்றி எழுதிய கட்டுரைதான் சலீம் அலிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது.

அப்போ மார்க் வேண்டாமா என்று அடுத்த கடிதம் போடாதீர்கள். பட்டம் இல்லாமல் அவர் பட்ட பாட்டைத்தான் சொன்னேனே, இன்றைக்கு ஆய்வு வேலைக்கு அது இன்னும் கட்டாயம். கணக்கையும் அறிவியலையும் ஒழுங்காகப் படிக்கட்டும். ஆனால் ஏழாம் வகுப்பில் அவனுக்கு முதலில் வாங்கித் தர வேண்டியது ஒரு நோட்டு. என்ன தேதி, எந்த இடம், வெயிலா மழையா, தட்டான் எந்தச் செடியில் உட்கார்ந்திருந்தது, இவ்வளவும் அதில் எழுதட்டும். எழுதாவிட்டால் அந்த ஷூ டப்பாவில் இருப்பது செத்த பூச்சிகள், அவ்வளவுதான்.

அப்புறம், திண்டுக்கல்லில் இருந்துகொண்டா என்னைக் கேட்கிறீர்கள்? கொடைக்கானல் செண்பகனூரில் இயற்கை அருங்காட்சியகம் இருக்கிறது, சலீம் அலிக்கு மில்லார்டு காட்டியது மாதிரி பாடம் செய்த பறவைகளும் விலங்குகளும் அங்கே உண்டு. திறக்கிற நேரத்தை விசாரித்துக்கொண்டு பஸ் ஏறுங்கள். உள்ளே போன பிறகு, "சீக்கிரம் வாடா, போட்டிங்குக்கு நேரமாச்சு" என்று மட்டும் அவன் கையைப் பிடித்து இழுக்காதீர்கள்.