நாலு பேர் கூடினால் என்ன சீட்டு ஆடலாம்? கேட்டவர்களுக்குப் பதில்

நண்பர்கள் கூடும் இடத்தில் ஆடக்கூடிய சீட்டாட்டங்கள் பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். காசு வைத்து ஆடுவது பற்றி மட்டும் கேட்காதீர்கள், பதில் வராது.

இரவுப்பறவை: அக்கா, சனிக்கிழமை மொட்டைமாடியில் எட்டு பேர் சேர்கிறோம். பாதிப் பேருக்குச் சீட்டைப் பிடிக்கவே தெரியாது. எதில் ஆரம்பிக்கலாம்?

கழுதை. மொத்தச் சீட்டையும் பங்கிட்டுவிடுங்கள், ஆளுக்கு ஒன்று கூடக்குறைய வந்தால் பரவாயில்லை. இஸ்பேட் ஆஸ் வைத்திருப்பவர் அதை இறக்கி ஆரம்பிப்பார். எல்லோரும் அதே இனம் (இஸ்பேட் என்றால் இஸ்பேட்) போட்டால் அந்தச் சீட்டுகள் ஓரம் போய்விடும், பெரிய சீட்டு போட்டவர் அடுத்ததை இறக்குவார். யாரிடமாவது அந்த இனம் இல்லையென்றால் வேறு இனத்தில் ஒன்றைப் போட்டு வெட்டுவார். உடனே சுற்று நிற்கும். இறக்கிய இனத்தில் அதுவரை பெரிய சீட்டு போட்டவர் எவரோ அவர் மொத்தத்தையும் அள்ள வேண்டும். கை காலியானவர் தப்பித்தார், கடைசியில் சீட்டோடு நிற்பவர் கழுதை. ராஜா, ஆஸ் எல்லாம் ஆரம்பத்திலேயே தள்ளிவிடப் பாருங்கள், கடைசியில் அவைதான் கழுத்தை அறுக்கும். ஆனால் எட்டு பேருக்கு ஒரு கட்டு போதாது. இனத்துக்கு 13 சீட்டுதான், முதல் சுற்றில் எட்டு போய்விட்டால் மிச்சம் ஐந்து, அதே இனத்தை அடுத்தமுறை இறக்கினால் வெட்டு நிச்சயம். இரண்டு கட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே சீட்டு இரண்டு விழுந்தால் பின்னால் விழுந்ததே பெரியது என்று பங்கிடும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

வடைப்பிரியன்: ஊனோவில் +2 மேல் +2 போடலாமா?

ஊனோ தெரியாதவர்களுக்காக: நிறமோ எண்ணோ பொருந்தும் சீட்டைப் போடும், தனிக் கட்டு உள்ள ஆட்டம். +2 விழுந்தால் அடுத்தவர் இரண்டு சீட்டு வாங்க வேண்டும். அதன் மேல் இன்னொன்று போடுவது கம்பெனி விதிப்படி கூடாது. வாங்கியவர் இரண்டு சீட்டு எடுத்துக்கொண்டு தன் முறையை இழக்கிறார், அவ்வளவுதான். உங்கள் வீட்டில் வேறு மாதிரி என்றால் பங்கிடும் முன்பே சொல்லுங்கள், பாதி ஆட்டத்தில் அல்ல.

நான்காம் மாடி: நாங்கள் ஆறு பேர், எல்லோரும் நன்றாக ஆடுகிறவர்கள். ரம்மி சலித்துவிட்டது.

அப்படியானால் லிட்டரேச்சர், வேறு யோசனையே வேண்டாம். பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், நம் ஊர்க் கல்லூரி விடுதிகளிலும் கேரளத்திலும் நன்றாகவே ஓடிய ஆட்டம்தான். நான்கு எட்டுகளையும் எடுத்துவிட்டால் 48 சீட்டு. ஒவ்வொரு இனமும் இரண்டு பாதி: 2 முதல் 7 வரை கீழ்ப் பாதி, 9 முதல் ஆஸ் வரை மேல் பாதி. ஆக மொத்தம் எட்டு செட். மூன்று பேர் ஓர் அணி, மாற்றி மாற்றி உட்கார வேண்டும், ஆளுக்கு எட்டுச் சீட்டு.

உங்கள் முறை வந்தால் எதிரணியில் ஒருவரைப் பார்த்து ஒரு சீட்டைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அந்தச் செட்டில் ஒன்றாவது உங்கள் கையில் இருக்க வேண்டும், கேட்கும் சீட்டு இருக்கக் கூடாது. அவரிடம் இருந்தால் கொடுத்தாக வேண்டும், நீங்கள் தொடர்ந்து கேட்கலாம். இல்லையென்றால் முறை அவருக்கு. “டைமன் ஜாக்கி இருக்கா?” என்று நீங்கள் வாயைத் திறந்ததுமே, டைமன் மேல் பாதியில் உங்களிடம் ஏதோ இருக்கிறது, ஜாக்கி இல்லை என்று மற்ற ஐந்து பேருக்கும் தெரிந்துவிடும். உங்கள் அணிக்காரர் அதை மனதில் போட்டுக்கொண்டு, தன் முறை வரும்போது அதே ஜாக்கியை வேறு ஆளிடம் கேட்பார். ஒரு செட் முழுதும் உங்கள் அணியில் சேர்ந்துவிட்டது என்று தோன்றினால், எந்தச் சீட்டு யார் கையில் என்று ஆறையும் சொல்லி அறிவிக்கலாம். அதில் ஒன்று எதிரணியிடம் இருந்தால் செட் அவர்களுக்குப் போகும். ஆறும் உங்கள் அணியிலேயே இருந்து ஆளை மாற்றிச் சொல்லிவிட்டால் யாருக்கும் இல்லை. கடைசியாகக் கேட்ட கேள்வியை மட்டும் திரும்பச் சொல்லச் சொல்லலாம், அதற்கு முந்தையது மறந்தால் மறந்ததுதான். எழுதி வைப்பது, போனில் குறிப்பது எல்லாம் கூடாது.

திருப்பூர் தம்பி: ஆன்லைன் ரம்மி திறமை ஆட்டம்தானே, கொஞ்சம் காசு கட்டி ஆடினால்?

முதல் பத்தியைப் படிக்கவில்லையா? 1968இல் உச்ச நீதிமன்றம் ரம்மியில் திறமைதான் பெரும்பங்கு என்று சொன்னதையே எல்லோரும் நீட்டுகிறார்கள். 2025இல் வந்த மத்தியச் சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்று பார்ப்பதே இல்லை, இணையத்தில் பணம் கட்டி ஆடும் ஆட்டம் எதுவாக இருந்தாலும் தடை. வீட்டிலும் வேண்டாம் தம்பி, பத்து ரூபாய் வந்த இடத்தில் சிரிப்பு போய்விடும்.

பருத்தித்துறை: நாங்கள் நாலு பேர் 304தான் விளையாடுறனாங்கள். கூட்டாளிக்குக் கண் காட்டுறது பிழையோ அக்கா? எங்கட ஆக்கள் எல்லாரும் செய்யிறவை.

பிழைதான். தெரியாதவர்களுக்காக: 7 முதல் ஆஸ் வரை 32 சீட்டு. ஜாக்கிக்கு 30 புள்ளி, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2, மற்றவை பூஜ்யம். இனத்துக்கு 76, நான்கு இனம் சேர்ந்து 304. முதல் நாலு சீட்டைப் பார்த்தே கேள்வி கேட்டு (இத்தனை புள்ளி எடுப்போம் என்று ஏலம் கூறி), துருப்பை, அதாவது மற்ற இனங்களை வெட்டும் இனத்தின் சீட்டை, கவிழ்த்து வைக்கிறோம். அது என்ன இனம் என்று வைத்தவருக்கு மட்டும்தான் தெரியும். ஆட்டத்தின் உயிரே அந்த ஒரு கவிழ்ந்த சீட்டு. அதைக் கண்ணால் சொல்லிவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

கிளாவர் ராஜா: கண் ஜாடை இல்லாத சீட்டாட்டம் என்ன சீட்டாட்டம்? எங்கள் திண்ணையில் மூக்கைத் தொட்டால் ஜாக்கி. பிடிக்கத் தெரிந்தவன் பிடித்துக்கொள்ளட்டும்.

புதிதாக வந்து உட்கார்ந்தவருக்கு மூக்கு எது ஜாக்கி எது என்று எப்படித் தெரியும்?

கிளாவர் ராஜா: நாலு ஆட்டம் தோற்றால் தெரியும்.

பருத்தித்துறை: அதைத்தான் நானும் சொல்லுறன்!

சரி, உங்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. ஸ்பெயினில் பாஸ்க் மக்கள் ஆடும் மூஸ் ஆட்டத்தில் சைகை விதியிலேயே உண்டு. கீழுதட்டைக் கடித்தால் இரண்டு ராஜா, நாக்கு நுனியை நீட்டினால் இரண்டு ஆஸ். ஆனால் எந்தச் சைகைக்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும், பொய்ச் சைகை காட்டக் கூடாது, எதிராளி பார்த்துவிட்டால் அது அவர் சாமர்த்தியம். இந்த மூன்றையும் மேசையில் உள்ள எல்லோரும் ஒப்புக்கொண்டால் தாராளமாக மூக்கைத் தொடுங்கள். இருவருக்கு மட்டும் தெரிந்த சைகை என்றால் அது ஏமாற்று, திண்ணையில் நடந்தாலும்.

மாடிவீட்டு மாலா: ஊனோவில் +2 மேல் +4 போடலாமா?

வடைப்பிரியனுக்குச் சொன்னதேதான். அதோடு, கையில் நடப்பு நிறம் இருக்கும்போது +4 போடவே கூடாது, யாரும் இதைப் படிப்பதில்லை. சந்தேகம் வந்தால் வாங்குபவர் கையைக் காட்டச் சொல்லலாம். நிறம் இருந்தால் போட்டவரே நாலு எடுக்க வேண்டும், இல்லையென்றால் சந்தேகப்பட்டவர் ஆறு எடுக்க வேண்டும்.

சுண்டல்: டாரட் சீட்டு பார்த்துச் சொல்வீர்களா?

மாட்டேன். ஜோசியரிடம் போங்கள்.

நான்காம் மாடி: எத்தனை தடவை கலைத்தால் போதும்?

கட்டை இரண்டாகப் பிரித்துப் படபடவென்று கோத்துவிடும் முறையில் ஏழு தடவை. 1992இல் பேயர், டயாகோனிஸ் என்ற இரண்டு கணிதக்காரர்கள் கணக்குப் போட்டுச் சொன்னது. நாம் வழக்கமாகக் கையில் வைத்துக் கொத்துக் கொத்தாகத் தள்ளுவது ஏழு தடவையெல்லாம் போதவே போதாது.

சுண்டல்: ஊனோவில் +4 மேல் +4?

கூடாது. கூடாது. கூடாது.

கிளாவர் ராஜா: சரி அக்கா, மூக்கைத் தொடவில்லை. இருமினால்?

மருந்து சாப்பிட்டுவிட்டு வந்து உட்காருங்கள்.