எக்ஸ்ரேயில் தெரியாவிட்டால் ஹெர்னியா இல்லை என்று பொருளா?

கேள்வி: உடுமலைப்பேட்டை அருகே தோப்பு வீட்டில் எருமைகளுடன் 7 மாத வயதுள்ள பக் இன நாய் ஒன்றையும் வளர்க்கிறோம். சாப்பிட்ட சிறிது நேரத்தில் சோற்றை அப்படியே கக்கிவிடுகிறது. குரைத்தாலும் ஓடினாலும் தொல்லை கூடுகிறது. இரைப்பை நெஞ்சுக்குள் ஏறும் ஹெர்னியாவாக இருக்கலாம் என்று மருத்துவர் ஐயப்பட்டு எக்ஸ்ரே எடுத்தார். அதில் ஒன்றும் தெரியவில்லை. இத்துடன் விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிட வேண்டாம். உங்கள் மருத்துவரின் ஐயம் நியாயமானது. அதை அந்த ஒரு படம் பொய்யாக்கிவிடவில்லை.

எருமையில் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைச்சுவரான உதரவிதானம் கிழிந்து இரண்டாம் இரைப்பை நெஞ்சறைக்குள் போவதை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அங்கே உள்ளே போன உறுப்பு பெரும்பாலும் ஒட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிடுவதால், படத்தில் பிடிபடுகிறது. நாய்க்கு வருவது பெரும்பாலும் வேறு வகை. உதரவிதானத்தில் உணவுக்குழாய் நுழைந்து வரும் துளை தளர்ந்திருப்பதால், உணவுக்குழாயின் கீழ்நுனியும் இரைப்பையின் மேற்பகுதியும் நெஞ்சறைக்குள் வழுக்கி ஏறுவதும், சற்று நேரத்தில் தாமாகவே வயிற்றுக்குள் இறங்குவதுமாக இருக்கும். இறங்கியிருந்த நேரத்தில் எடுத்த படம் தெளிவாகத்தான் இருக்கும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களில் இது கூடுதலாகக் காணப்படுகிறது. குறுகிய மூக்குத் துளை வழியே காற்றை வலிந்து இழுக்கும்போது நெஞ்சறையில் உண்டாகும் உறிஞ்சல், இரைப்பையையும் சேர்த்து மேலே இழுக்கிறது.

முதலில், உங்கள் நாய் செய்வது வாந்தியா எதுக்களிப்பா என்று தெரிய வேண்டும். வயிறு குமட்டி, விலா அசைந்து, பித்தத்தோடு வந்தால் வாந்தி. தலையைத் தாழ்த்தியதும் முயற்சியின்றிச் செரிக்காத தீனி விழுந்தால் எதுக்களிப்பு. உங்கள் விவரிப்பு இரண்டாவதை ஒத்திருக்கிறது. அடுத்த முறை நிகழும்போது கைப்பேசியில் படம்பிடித்துக் காட்டுங்கள். நூறு கேள்விகளுக்கு அது விடை சொல்லும்.

எக்ஸ்ரேயை மீண்டும் எடுப்பதானால் வலப்பக்கம், இடப்பக்கம், மல்லாந்த நிலை என மூன்று கோணங்களில், நெஞ்சும் மேல்வயிறும் சேர்ந்து வருமாறு எடுக்கச் சொல்லுங்கள். உதரவிதானத்துக்கு முன்னால், முதுகுப்பக்கமாக, காற்று நிறைந்தோ திட்டாகவோ ஒரு நிழல் தெரிந்தால் ஐயம் வலுக்கும். கக்கிய தீனி மூச்சுக்குழாயில் புகுந்து நுரையீரல் அழற்சி வந்திருக்கிறதா என்பதையும் அதே படங்கள் காட்டும். இந்த நோயில் உயிருக்கு ஆபத்தாவது பெரும்பாலும் அதுதான்.

ஆனால் முடிவான விடைக்கு, எக்ஸ்ரேயில் வெண்மையாகத் தெரியும் பேரியம் என்ற மருந்து கலந்த தீனியை நாய் விழுங்கும்போதே அதன் போக்கைத் திரையில் ஓடும் படமாகக் காணும் ஃபுளூரோஸ்கோப்பிதான் சிறந்தது. மயக்க மருந்து உணவுக்குழாயின் இயக்கத்தை மாற்றிவிடும் என்பதால், இயன்றவரை நாய் விழித்திருக்கும் நிலையிலேயே இதைச் செய்வார்கள். பேரியத்தை வாயில் வலிந்து ஊற்றக் கூடாது; புரையேறிவிடும். உணவுக்குழாயில் ஓட்டை இருக்கலாம் என்ற ஐயமிருந்தால் பேரியத்தைத் தவிர்த்து, அயோடின் வகை மருந்தைப் பயன்படுத்துவார்கள். இந்தப் பரிசோதனைக்கு இன்னொரு பயனும் உண்டு: தாய்ப்பால் மறந்து திடத்தீனிக்கு மாறிய நாள் முதலே குட்டி கக்கி வந்திருந்தால், இதயத்தருகே இரத்தக்குழாய் வளையம் உணவுக்குழாயை இறுக்கும் பிறவிக் குறையாகவும் இருக்கலாம், அதில் இதயத்துக்கு முன்புறம் உணவுக்குழாய் பை போல் விரிந்திருப்பதைப் பேரியம் காட்டிவிடும்.

வாய்வழியே கேமரா குழாயைச் செலுத்திப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி உணவுக்குழாயின் புண்ணைக் காண உதவும். எனினும் மயக்கத்தில் செய்வதால் வழுக்கும் ஹெர்னியா அதிலும் தப்பக்கூடும். வயிற்று ஸ்கேனை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். ஃபுளூரோஸ்கோப்பி எல்லா மருத்துவமனைகளிலும் இராது. கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்றுக்குச் செல்வதானால் அந்த வசதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அதுவரை, ஒரு நாள் தீனியை நான்கைந்து வேளைகளாகப் பிரித்து, கொழுப்புக் குறைத்துக் கொடுங்கள்; உண்டபின் 15 நிமிடமாவது முன்கால்கள் உயர்ந்திருக்குமாறு பிடித்திருங்கள். உங்களுக்கு வாங்கிய அமிலம் குறைக்கும் மாத்திரையை நாய்க்கு நீங்களாகவே தர வேண்டாம். அளவை மருத்துவர் முடிவு செய்யட்டும். திடீரென இடைவிடாமல் குமட்டி, மூச்சுத் திணறிச் சோர்ந்துவிட்டால், இரைப்பை உணவுக்குழாய்க்குள்ளேயே செருகிக்கொண்டிருக்கலாம். அப்போது மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். பரிசோதனைக்குப் போகும் நாளில் பழைய எக்ஸ்ரேயையும், அது வழக்கமாக விரும்பி உண்ணும் தீனியையும் எடுத்துச் செல்லுங்கள். பேரியத்தை அதில் கலந்தால்தான் தானாக உண்ணும்.