கிணற்று முறையும் தென்னம்பிள்ளையும்

அன்புள்ள ஐயா,

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். கிணற்றுத் தண்ணீர் முறையில் தகராறாகி, என் கணவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் நான்கு வருடமாகப் பேச்சில்லை. எட்டு வயது மகன் வகுப்பில் எல்லாருக்கும் தின்பண்டம் பங்கிடுகிறான். பெரியப்பன் மகனுக்கு மட்டும் கொடுப்பதில்லை. "தோட்டம் எப்படியும் கோர்ட்டுக்குப் போயிரும், தென்னம்பிள்ளை எதுக்கு வெக்கறீங்க?" என்று அப்பாவிடம் கேட்கிறான். என் வளர்ப்பில் பிழையா? நாமக்கல் பக்கம் விடுதியில் சேர்த்துவிடலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் கருமியல்ல. சுவிட்சர்லாந்துக் குழந்தைகளைக் கொண்டு எர்ன்ஸ்ட் ஃபெர் குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று, நான்கு வயதில் எல்லாம் தனக்கே என்றிருக்கும் பிள்ளைகள் ஏழெட்டு வயதில் சமமாகப் பங்கிடத் தொடங்குவதும், அந்த நியாயம் தம்மைச் சேர்ந்தவர்களிடம் கூடுதலாகச் செல்லுபடியாவதும் தெரிந்தது. யார் நம்மவர் என்று கோடு கிழித்தவர்கள் பெரியவர்கள். அவன் அதை மீறாமல் நடக்கிறான், அவ்வளவுதான்.

தென்னம்பிள்ளைப் பேச்சுதான் எனக்கு உறுத்துகிறது. அமெரிக்காவின் ரோசெஸ்டரில் 28 குழந்தைகளிடம் நல்ல வண்ணப் பென்சில் கொண்டுவருவதாகச் சொல்லி, பாதிப் பேருக்குக் கொண்டுவந்தார்கள், மீதிப் பேரிடம் இல்லையென்று கைவிரித்தார்கள். பிறகு ஒரு மிட்டாயை வைத்து, காத்திருந்தால் இன்னொன்று தருவதாகச் சொன்னபோது, ஏமாந்த பிள்ளைகள் சராசரியாக மூன்று நிமிடமும் மற்றவர்கள் பன்னிரண்டு நிமிடமும் பொறுத்தார்கள். முறை என்று பேசி முடித்தது நிலைக்காத வீட்டில், ஐந்தாறு வருடம் கழித்துக் காய்க்கும் மரத்தை எட்டு வயதுப் பிள்ளை எதை நம்பிக் கணக்கில் சேர்ப்பான்?

எங்கள் வீட்டிலும் இந்தச் சண்டை இருந்தது. பெரியப்பா முறையன்று மோட்டார் அறைச் சாவியை அவருடைய சாளை (தோட்டத்து வீடு) திண்ணையில் வைத்துவிட்டு, யாரும் கூப்பிடுவதற்குள் ஓடிவருவது பத்து வயதில் என் வேலை. சாவியில் கட்டிய பச்சைக் கயிற்றின் சாயம் உள்ளங்கை வியர்வையில் ஒட்டியிருக்கும். பிற்பாடு ஒரு கோயில் பொங்கலில் பெரியவர்கள் தமக்குள் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். பிள்ளைகளிடம் ஒருவரும் சொல்லவில்லை; நானும் பெரியப்பா மகனும் மேலும் ஒரு வருடம், வரப்பில் எதிர்ப்பட்டால் தலையைக் குனிந்தே கடந்தோம். பெற்றோர் சண்டையைப் பல்லாண்டு ஆராய்ந்த மார்க் கம்மிங்ஸ், சண்டை தீர்வதைக் கண்ட பிள்ளைகளின் கலக்கம் பெருமளவு தணிவதாகவும், காணாவிட்டாலும் தீர்ந்ததென்று எடுத்துச் சொல்வதே பலன் தருவதாகவும் கண்டறிந்ததைப் படித்தபோது அந்த வரப்புதான் நினைவுக்கு வந்தது.

விடுதி வேண்டாம், அங்கே போனால், நாளை நீங்கள் சமாதானமானாலும் அவன் கண்ணில் படாது. அண்ணன் தம்பிக்குள் பேச்சு இப்போதைக்கு வராவிட்டால் போகட்டும். எந்தக் கிழமை யார் முறை என்பதை ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, மோட்டார் அறைக் கதவில் ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டும்போது மகன் உடனிருக்கட்டும்.