மழைக்கால வண்டியும் வீட்டு ஷெட்டும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் 125 சிசி வண்டியில் வேலைக்குச் சென்று வருகிறேன். தூறல் தொடங்கினாலே பின் சக்கரம் வழுக்குகிறது. மழையில் முன் பிரேக்கைத் தொடவே கூடாது என்றும், டயரில் காற்றைச் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றும் நண்பர்கள் சொல்கிறார்கள். அவ்வாறு செய்யலாமா? (வாசகர், கடலூர்)

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாய்வதால் நிறுத்தும் ஆற்றலில் பெரும்பகுதி முன் சக்கரத்திடமே இருக்கிறது. எடை குறைந்துபோன பின் சக்கரத்தை மட்டும் ஈரச் சாலையில் அழுத்திப் பிடித்தால் அது சுழலாமல் பூட்டிக்கொண்டு வழுக்கத்தான் செய்யும். முன் பிரேக்கைத் திடீரென்று இறுக்குவதுதான் ஆபத்தே தவிர, வண்டி நேராக இருக்கும் நிலையில் இரண்டு பிரேக்குகளையும் சேர்த்து, மெல்லத் தொடங்கிப் படிப்படியாக அழுத்துவதில் ஆபத்தில்லை. வளைவுக்குள் சாய்ந்திருக்கும்போது பிரேக்கைத் தேட வேண்டிய நிலை வராதபடி, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்பனையாகும் 125 சிசி வரையிலான புதிய வண்டிகளில் இரு சக்கர பிரேக்குகளையும் இணைக்கும் அமைப்போ, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். வசதியோ இருந்தாக வேண்டும். உங்கள் வண்டி அதற்குப் பிந்தையது என்றால், இணைப்பு சரியாக இயங்குகிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

காற்றைக் குறைப்பது இன்னும் தவறு. டயரின் பள்ளங்கள் விரிந்து நின்றால்தான் அடியில் உள்ள தண்ணீரை வெளியே தள்ள முடியும். காற்று குறைந்த டயரில் அவை நெரிந்துவிடும். வண்டியின் கையேட்டில் குறிப்பிட்டிருக்கும் அழுத்தத்தை எந்தப் பருவத்திலும் மாற்ற வேண்டாம். பள்ளத்தின் அடியில் குறுக்காகச் சிறு மேடு ஒன்று வார்க்கப்பட்டிருக்கும். டயர் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பே அதை மாற்றிவிடுங்கள்.

தூறலில் வழுக்குவதற்குக் காரணம் இருக்கிறது. வெயில் நாட்களில் சாலையில் படிந்த எண்ணெயும் புழுதியும் முதல் தூறலில் மிதந்து மெல்லிய படலமாகிவிடுகின்றன. பலத்த மழை அதைக் கழுவிச் செல்லும் வரை காத்திருக்க முடிந்தால் காத்திருப்பதே நல்லது. வெள்ளைக் கோடுகள், பாதாளச் சாக்கடை மூடிகள், பாலத்தின் இரும்பு இணைப்புகள் ஆகியவற்றின் மீது வண்டியைச் சாய்க்கவோ பிரேக் பிடிக்கவோ வேண்டாம்.

கேள்வி: தேங்கிய நீரில் வண்டி நின்றுவிட்டால் உடனே கிளப்பலாமா? (வாசகி, வேளச்சேரி)

பதில்: கிளப்பவே கூடாது. ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் எஞ்சினுக்குள் புகுந்திருந்தால், காற்றைப் போல் அதை அழுத்திச் சுருக்க முடியாது என்பதால் பிஸ்டனை இணைக்கும் தண்டு வளைந்துவிடக்கூடும். தள்ளிக்கொண்டு மேட்டுக்குச் சென்று மெக்கானிக்கை அழையுங்கள். எஞ்சின் ஆயில் பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். அதை மாற்றாமல் ஓட்டக் கூடாது. நிற்காமல் நீரைக் கடந்துவிட்டாலும், டிரம் பிரேக் உள்ள வண்டியென்றால் சற்றுத் தூரம் மெதுவாகச் சென்றபடியே பிரேக்கை இலேசாக அழுத்தி ஈரத்தைப் போக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டின் பக்கவாட்டில் தகரக் கூரை போட்டு வண்டி நிறுத்துகிறோம். மழைக்காலத்தில் தரையில் தண்ணீர் நிற்கிறது, செயின் துருப்பிடிக்கிறது, எலி வயரைக் கடிக்கிறது. அதிகச் செலவில்லாமல் என்ன செய்யலாம்? (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: மழையில் பாதுகாப்பாக ஓட்டுவதில் பாதி வேலை, இரவில் வண்டி நிற்கும் இடத்தில்தான் நடக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். முதலில் தரையைக் கவனியுங்கள். ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் வாசலை நோக்கி வாட்டம் கொடுத்துச் சிமெண்ட் பூச்சு போட்டால் தண்ணீர் தானாக வடிந்துவிடும். பூச்சு காய்வதற்கு முன் துடைப்பத்தால் கோடிழுத்துச் சொரசொரப்பாக்குங்கள். வழவழப்பான டைல்ஸ் அழகாக இருந்தாலும், ஈரக் காலும் ஈர டயரும் ஒருசேர வழுக்கும் இடம் அது. கூரைத் தண்ணீர் வாசலிலேயே கொட்டாதபடி விளிம்பில் குழாய் பொருத்தித் தூரமாக விடுங்கள்.

அடுத்தது காற்றோட்டம். நனைந்த வண்டியின் மீது தார்ப்பாயைப் போர்த்துவது பலருக்கும் பழக்கமாகிவிட்டது, ஆனால் ஈரம் உள்ளேயே அடைபட்டுத் துருவை வளர்க்கும். துடைத்து உலர்ந்த பிறகே மூடுங்கள். உங்கள் ஊரின் கடற்காற்றில் உப்பும் இருப்பதால், வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, செயினைத் துடைத்து, அதற்குரிய எண்ணெயைத் தடவுவது அவசியம். சுவரின் மேற்பகுதியில் மட்டுமல்லாமல் தரையை ஒட்டியும் திறப்பு வையுங்கள், ஏனெனில் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும். அந்தத் திறப்புகளுக்கு நெருக்கமான இரும்பு வலை அடித்துவிட்டால் எலியும் நுழையாது. அரிசி மூட்டை, பழந்துணி போன்றவற்றை அங்கே வைக்காதிருந்தால் எலிக்கு வரக் காரணமும் குறையும். கேனில் பெட்ரோல் சேமிக்க வேண்டாம்.

மின்சாரத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். சுவிட்சுகளும் பிளக்கும் தரையிலிருந்து 4 அடி உயரத்துக்கு மேல் இருக்கட்டும்; ஈரக் கையோடு நிற்கும் இடம் என்பதால் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு பொருத்துங்கள். பிரகாசமான எல்.இ.டி. விளக்கு ஒன்றைத் தாழ்வாக, சக்கரங்களின் மீது வெளிச்சம் விழும்படி அமைத்தால், டயரில் ஏறிய ஆணியும் பிரேக் கட்டையின் தேய்மானமும் காலையில் கிளம்பும் முன்பே கண்ணில் படும்.