கார் கேள்வி-பதில்: 110-ல் போனால் மைலேஜ் எங்கே போகிறது?

கேள்வி: நான்கு மீட்டருக்குள் அடங்கும் பெட்ரோல் எஸ்யூவி ஒன்று போன வருடம் வாங்கினேன். லிட்டருக்கு 19 கி.மீ.க்கு மேல் என்று சொல்லித்தான் விற்றார்கள். தீபாவளிக்கு மதுரை போனபோது 455 கி.மீ. ஓட்டத்துக்கு 32 லிட்டர் குடித்துவிட்டது. பெரியவர்கள் ஐந்து பேர், மேலே கேரியரில் சாமான், வேகம் பெரும்பாலும் 110. சர்வீஸில் வண்டியில் குறை இல்லை என்கிறார்கள். நம்பலாமா சார்? (தாம்பரம் வாசகர்)

பதில்: நம்பலாம். உங்கள் கணக்குப்படி 14.2 வருகிறது, நீங்கள் சொன்ன ஓட்டத்துக்கு அது சரியான எண்தான். விளம்பரத்தில் வரும் எண் சோதனைக்கூடத்தில் வண்டியை உருளைமேல் நிறுத்தி ஓட்டி எடுப்பது. ஏறக்குறைய 20 நிமிடம், பத்தரை கி.மீ. சொச்சம், ஏசி போடாமல். அதில் வண்டி தொடும் உச்ச வேகமே 90 தான், சராசரி எடுத்தால் முப்பதைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். நீங்கள் செங்கல்பட்டு தாண்டியதும் 110-ல் வைத்து சமயபுரம் டோல் வரை விட்ட ஓட்டத்துக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே கிடையாது.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் (வேகத்தை அதே வேகத்தால் பெருக்கிய கணக்கில்) ஏறும். 90-ல் இருந்து 110-க்குப் போனால் வேகம் கூடியது 22 சதவீதம், ஆனால் காற்று பிடித்துத் தள்ளுவது ஒன்றரை மடங்காகிவிடுகிறது. எஸ்யூவிக்கு இது இன்னும் உறைக்கும், ஏனென்றால் உயரம். ஸ்விஃப்ட் 1,520 மி.மீ. உயரம், அதே கம்பெனியின் பிரெஸ்ஸா 1,685 மி.மீ., அகலமும் அதிகம். அவ்வளவு பெரிய முகத்தை வைத்துக்கொண்டுதான் காற்றைக் கிழிக்க வேண்டும்.

அப்புறம் அந்த கேரியர். ஐந்து பேர் எடைகூட சமதரை ஹைவேயில் பெரிய விஷயம் இல்லை, டோலில் நின்று கிளம்பும்போதுதான் தெரியும். மேலே கட்டிய சாமான் அப்படி இல்லை, வழி முழுக்கத் தின்னும். கூரைமேல் பெரிய பெட்டி வைத்து 105 முதல் 120 வேகத்தில் போனால் 10 முதல் 25 சதவீதம் வரை மைலேஜ் போகும் என்பது அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கனத் தளம் சொல்லும் கணக்கு. நம் ஊரில் தார்பாய் போட்டுக் கயிறு கட்டுகிறோம், அதன் ஓரம் படபடவென்று அடித்துக்கொண்டே வரும், அந்தச் சத்தம் முழுக்க உங்கள் பெட்ரோல்தான்.

அடுத்த முறை சாமானை டிக்கிக்குள் அடக்கிவிட்டு 90-ல் போய்ப் பாருங்கள். 300 கி.மீ.க்கு 110-ல் 2 மணி 44 நிமிடம், 90-ல் 3 மணி 20 நிமிடம். அந்த 36 நிமிடமும் காகிதத்தில்தான், வழியில் லாரியும் நெரிசலும் குறுக்கிட்டால் முழுத் தூரமும் 110-ல் போக முடியாது, வித்தியாசம் குறைந்துவிடும். கிளம்பும் முன், டயர் சூடாகாதபோது காற்று பாருங்கள். முழு லோடுக்கு எவ்வளவு என்று பெரும்பாலும் டிரைவர் கதவுத் தூணில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்.

கேள்வி: டிஸ்பிளே 18 காட்டுகிறது, பங்கில் கணக்குப் போட்டால் 16 தான். எதை எடுத்துக்கொள்வது? (கரூர்)

பதில்: பங்க் கணக்கை. ஆனால் ஒழுங்காகப் போட வேண்டும். நாசில் தானாக முதல்முறை கட் ஆனதும் நிறுத்தச் சொல்லுங்கள். "ரவுண்ட் பண்ணிடவா சார்?" என்று பையன் கேட்பான், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அங்கேதான் பலருடைய கணக்கு கெடுகிறது. ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, டேங்க் முக்கால்வாசி காலியாகும் வரை ஓட்டிவிட்டு, முடிந்தால் அதே பங்க் அதே நாசிலில் மறுபடி கட் ஆகும்வரை போடுங்கள். 412 கி.மீ.க்கு 25.3 லிட்டர் என்றால் 16.3. பத்து லிட்டர் நிரப்பி ஒரு லிட்டர் முன்னப்பின்ன ஆனால் பத்து சதவீதம் பிழை, முப்பது லிட்டரில் அது மூன்றுதான். மூன்று நான்கு டேங்க் சராசரி எடுத்தால் அதுதான் உங்கள் வண்டியின் உண்மையான மைலேஜ்.

கேள்வி: ஆனி, ஆடியில் வள்ளியூரில் இருந்து நாகர்கோவில் போகும்போது மைலேஜ் குறைகிறது, திரும்பும்போது ஏறுகிறது. இன்ஜினில் கோளாறா? (வள்ளியூர்)

பதில்: முப்பந்தல் காற்றாலைகள் அங்கே ஏன் நிற்கின்றன என்று யோசியுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழி கணவாயில் நெருக்கிக்கொண்டு வரும், நீங்கள் அதற்கு எதிரே போகிறீர்கள். நீங்கள் 80-ல் போக, எதிரே 30-ல் காற்று அடித்தால், வண்டிக்கு அது 110-ல் வரும் காற்றுதான். திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளுகிறது. வண்டி நன்றாகவே இருக்கிறது.

கேள்வி: இ20 பெட்ரோலால்தான் மைலேஜ் விழுந்தது என்கிறார்களே? (திருப்பூர்)

பதில்: கொஞ்சம் விழும், உண்மைதான். இ20 என்றால் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், இ10-ல் அது 10 சதவீதம். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, எனவே இ10-ல் இருந்து இ20-க்கு மாறியதில் மூன்று நான்கு சதவீதம் போகலாம். லிட்டருக்கு 17 கொடுத்த வண்டி 16.4 கொடுக்கும். அதற்கும் கீழே 14-க்கு இறங்கினால் எத்தனாலைத் திட்டாமல் டயர் காற்று, ஏர் ஃபில்டர், பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: கிராண்ட் விட்டாரா ஹைப்ரிட் 27.97 தருமாமே. எனக்கு சேலம்-பெங்களூரு ஹைவே ஓட்டம்தான் அதிகம். வாங்கலாமா? (சேலம்)

பதில்: பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட்டின் பலமே பிரேக் போடும்போது வீணாகும் சக்தியை பேட்டரியில் பிடித்துவைத்து மறுபடி செலவழிப்பது. பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் அது அள்ளிக் கொடுக்கும். கிருஷ்ணகிரி தாண்டி ஒரே சீராக 100-ல் போகும்போது பிரேக்கே போடுவதில்லை, சேமிக்க என்ன இருக்கிறது? சாதா பெட்ரோலைவிட அப்போதும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் 27.97-ஐ நம்பி லோன் கணக்குப் போடாதீர்கள். டெஸ்ட் டிரைவில் ஷோரூம் தெருவையே சுற்றாமல் தொப்பூர் வரை போய்வரக் கேளுங்கள், ஏற்றம் இறக்கம் சமதரை மூன்றும் அந்த ஒரே ஓட்டத்தில் வந்துவிடும்.