மாக் சிக்கிடம் பேசுகிறவர் உங்களிடம் ஏன் பேசவில்லை?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு மகன் எழுதுகிறார்: "அம்மாவுக்கு 56 வயது. ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தாத்தா பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்டதால் இன்னும் சிவப்பு ஐசிதான், குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அடையாள அட்டை. குடியுரிமைக்கு மனுப்போட்டு, அடுத்த மாதம் பதிவிலாகாவில் நேர்காணல். போன தடவை மலாயில் தோற்றுவிட்டார். தினமும் இரவு நான் கேள்வி கேட்டுப் பழக்குகிறேன், வாயே திறப்பதில்லை. என் பிள்ளைகள்கூடச் சிரிக்கிறார்கள். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மாக் சிக்கிடம் மட்டும் வேலியோரம் நின்று அரைமணி நேரம் பேசுவார். படிப்பு ஏறாதவருக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?"

தம்பி, அந்த மாக் சிக்கிடம் உங்கள் அம்மா எந்த மொழியில் பேசுகிறார்? தமிழிலா? அரைமணி நேரம் வேலியோரம் நின்று பேசுகிறவருக்கு மலாய் வராது என்று யார் சொன்னது? உங்கள் எதிரில்தான் அவருக்கு வாயடைத்துப் போகிறது.

இப்படிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. எல்லாவற்றிலும் பிள்ளைதான் வாத்தியார், பெற்றவர்தான் மக்கு. பால்மரம் வெட்டி உங்களைப் படிக்கவைத்தவரைக் கூடத்தில் உட்காரவைத்து விசாரணை நடத்துகிறீர்கள். நாட்டின் கோட்பாடுகளான ருக்குன் நெகாராவில் 'பெர்லெம்பாகாஆன்' (அரசியலமைப்பு) என்ற சொல்லில் நாக்குத் தடுமாறினால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நீங்கள் அவர்களை அதட்டியதாகக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. 'படிப்பு ஏறாதவர்' என்று எழுத மட்டும் கை வந்திருக்கிறது. பெற்றவளை வீட்டுக்குள்ளேயே கூனிக்குறுக வைத்துவிட்டு, அதிகாரி முன்னால் அவர் தெளிவாகப் பேச வேண்டும் என்றால் எப்படி?

குடியுரிமை கண்டிப்பாகக் கிடைத்துவிடும் என்று நான் சொல்லப்போவதில்லை. அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு, 12 ஆண்டுகளில் 10 ஆண்டாவது இந்நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும், போதுமான மலாய் தெரிய வேண்டும் என்கிறது. இத்தனையும் இருந்தாலும் கொடுப்பதும் மறுப்பதும் அரசாங்கத்தின் முடிவு. ஆனால் சட்டம் கேட்பது 'போதுமான' மலாய்தான், புலமை இல்லை.

இன்றோடு இரவு விசாரணையை நிறுத்துங்கள். நீங்களே போய் மாக் சிக்கிடம் பணிவாகக் கேளுங்கள். எங்கே பிறந்தீர்கள், எந்தத் தோட்டம், என்ன வேலை, எத்தனை பிள்ளைகள் என்று அவர் கேட்க, அம்மா பதில் சொல்லட்டும். திருத்த வேண்டியது கடைத்தெருப் பேச்சை மட்டும்தான். 'என் பிள்ளை' என்பதற்குச் சொல்லும் 'சாயா புன்யா அனாக்', 'அனாக் சாயா' ஆக வேண்டும். 'நீ' என்கிற 'லு' போய், ஐயா, அம்மா என்கிற 'துவான்', 'புவான்' வர வேண்டும். இதை மாக் சிக் சொன்னால் அம்மாவுக்கு உறைக்கும், வலிக்காது.

1970இல் அறிவித்த ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளைச் சிரித்த பிள்ளைகளே பாட்டியோடு உட்கார்ந்து சொல்லட்டும். பள்ளியில் படித்தது இதற்காவது உதவட்டும். மாமன்னர் பெயர், பிரதமர் பெயர், 1957இல் மெர்டேக்கா என்கிற சுதந்திரம், 1963இல் மலேசியா உருவானது, இதெல்லாம் பேச்சோடு பேச்சாக வந்துவிடும்.

இன்னொன்று. தேர்தலுக்குத் தேர்தல் நீங்கள் ஓட்டுப்போட்டுவிட்டு வருகிறீர்கள். பிறந்த மண்ணில் உங்கள் அம்மா ஒரு தடவைகூடப் போட்டதில்லை. இந்த அலைச்சலை நீங்கள் வேலைக்குப் போன வருடமே தொடங்கியிருக்க வேண்டும். பிள்ளையின் கடமை அது.

நேர்காணலன்று லீவு போட்டுவிட்டுக் கூடவே போங்கள். அசல் பத்திரங்களை முந்தின நாளே எடுத்து வையுங்கள். உள்ளே விட்டால் பின்னால் உட்காருங்கள். அவர் தடுமாறினாலும் எடுத்துக்கொடுக்காதீர்கள்.